இருபத்திரண்டு எழுத்தில் ஒரு கட்டளை

1928-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மூளை அறுவை நிபுணர் வால்டர் டேண்டி, தன் நோயாளிகள் சிலரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். எல்லாருக்கும் மூளையின் வலது பாதியில் புற்றுக்கட்டி. இடது கையும் காலும் ஏற்கெனவே செயலிழந்திருந்தன. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் அது மறுபடி முளைத்துவிடுகிறது என்பதைக் கண்டிருந்த டேண்டி, இந்த நோயாளிகளுக்கு மூளையின் வலது அரைக்கோளத்தையே முழுவதுமாக எடுத்துவிட்டார். சிலர் பிழைத்து எழுந்தார்கள். பேசினார்கள். வீட்டாரை அடையாளம் கண்டார்கள். பாதி மூளை இல்லாமலும் மனிதர் மனிதராகவே இருக்க முடிகிறது என்பது அன்றைய மருத்துவ உலகத்தை வியக்க வைத்தது. ஆனால் எந்த நோக்கத்துக்காக அத்தனை பெரிய அறுவை நடந்ததோ அது நிறைவேறவில்லை. புற்றுநோய் திரும்பி வந்தது.

தோட்டத்தில் அருகம்புல்லைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே தெரியும் புல் கையோடு வந்துவிடும். மண்ணுக்கடியில் ஓடிய கொடி அங்கேயே கிடந்து, அடுத்த மழைக்கு இரண்டு முழம் தள்ளித் தலைகாட்டும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயின் சுபாவமும் அதுதான். எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரியும் கட்டி அதன் ஒரு பகுதி மட்டுமே. நரம்பு இழைகளின் ஓரமாகவும் ரத்தக் குழாய்களின் வெளிச்சுவரை ஒட்டியும், தனித்தனிச் செல்களாக அது மூளைக்குள் வெகுதூரம் நடந்து போயிருக்கும். அறுவை நிபுணரின் கத்தி போகக்கூடாத இடங்களில் அவை உட்கார்ந்திருக்கும்.

மூளையில் உருவாகும் புற்றுநோய்களில் மிக வேகமானவற்றிலும் மிகக் கொடியவற்றிலும் ஒன்று இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் இதற்கு உச்சமான 4-ஆம் நிலை. 2005-இல் ரோஜர் ஸ்டப் தலைமையிலான ஐரோப்பிய, கனடிய மருத்துவர்கள் 573 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். அதோடு டெமோசோலோமைட் என்ற மாத்திரையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 14.6 மாதம். வித்தியாசம் இரண்டரை மாதம். இந்த நோயில் அது ஒரு பெரிய வெற்றி. அதனால்தான் இன்றுவரை உலகெங்கும் அதுவே அடிப்படைச் சிகிச்சையாக இருக்கிறது. இந்த நோயாளிகளின் வீடுகளில் அந்த இரண்டரை மாதத்தை யாரும் சிறிதென்று சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதுதான் மனதை உறுத்துகிறது.

முயற்சி இல்லாமல் போகவில்லை. 2008-இல் அமெரிக்காவின் பெரும் புற்றுநோய் மரபணுத் திட்டம் முதன்முதலில் வரைபடமாக்கி வெளியிட்டதே இந்த நோயைத்தான். எந்தெந்த மரபணுக்கள் கெட்டுப்போகின்றன என்ற பட்டியல் கைக்கு வந்தது. அதில் முன்னால் நின்றது ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு. செல்லின் மேற்பரப்பில் நின்றுகொண்டு ‘வளர், வளர்’ என்று உள்ளே சொல்லும் புரதத்துக்கான மரபணு அது. அதே புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகள் நுரையீரல் புற்றுநோயில் நன்றாக வேலை செய்தன. கிளியோபிளாஸ்டோமாவில் அவை ஆயுளை நீட்டவில்லை. குற்றவாளிகளின் பெயர் தெரிந்தும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை என்றால், கதையில் இன்னொருவர் இருக்கிறார் என்றுதானே பொருள்? அந்த இன்னொருவர்தான் ஆர்.என்.ஏ.

பள்ளியில் நாம் படித்த ஆர்.என்.ஏ. ஒரு தூதர். டி.என்.ஏ.வில் இருக்கும் மரபணுவைப் படியெடுத்துக்கொண்டு, புரதம் செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்க்கும். வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்புகள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியும் ஏதோ ஒரு செல்லில், ஏதோ ஒரு நேரத்தில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அவற்றிலிருந்து எந்தப் புரதமும் வருவதில்லை. அவை வேறு வேலை பார்க்கின்றன. எந்த மரபணு பேசலாம், எது வாய் மூட வேண்டும், எவ்வளவு உரக்கப் பேசலாம் என்று ஒழுங்குபடுத்தும் வேலை.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு புழு. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, உடம்புக்குள் இருப்பது வெளியே தெரியும் அளவுக்குக் கண்ணாடி போன்ற புழு. அதில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால் வினோதமான ஒன்று நடக்கிறது. புழு வளரும், ஆனால் அதன் செல்கள் பக்குவப்படுவதில்லை. முதல் இளம்பருவத்தில் செய்ய வேண்டிய வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். விக்டர் அம்ப்ரோஸ் அந்த மரபணுவைத் துரத்திப் போனபோது அங்கே புரதம் எதுவும் இல்லை. 22 எழுத்து நீளமுள்ள ஒரு சின்ன ஆர்.என்.ஏ. இழைதான் இருந்தது. கேரி ருவ்குன் ஆராய்ந்துகொண்டிருந்த லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில், அந்த இழை ஒட்டிக்கொள்ளத் தோதான இடங்கள் இருந்தன. இரண்டு பேரும் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டபோது பொருத்தம் தெரிந்தது. சின்ன இழை போய் ஒட்டிக்கொண்டால் அந்தத் தூது புரதமாக மாறாது. 1993-இல் இருவரின் கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. புழுவின் விசித்திரம் என்று பலரும் கடந்து போனார்கள். 2000-இல் ருவ்குன் குழு கண்ட லெட்-7 என்ற இன்னொரு சிற்றிழை, புழுவிலிருந்து மனிதர் வரை அப்படியே இருப்பது தெரிந்த பிறகுதான் உயிரியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் நிலைத்தது. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

லின்-4 இல்லாத புழுவின் செல்கள் பக்குவப்பட மறுத்தன அல்லவா? அதை மனதில் வைத்துக்கொண்டு மூளைக் கட்டிக்குத் திரும்புவோம். கிளியோபிளாஸ்டோமாவின் செல்களும் ஒருவகையில் பக்குவப்பட மறுத்தவைதான். நரம்பு செல்களைச் சூழ்ந்து காக்கும் கிளியா செல்களின் சாயல் அவற்றுக்கு உண்டு. ஆனால் நடத்தையோ கருவில் மூளை உருவாகும் காலத்தில் இருந்த செல்களைப் போன்றது. பெருகும், இடம் பெயரும், சூழலுக்கேற்ப வேறொன்றாக மாறும்.

2005-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் அன்னா கிரிச்செவ்ஸ்கி, கென்னத் கோசிக் உள்ளிட்ட குழு இந்தக் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளந்து பார்த்தது. 21-ஆம் எண் கொண்ட இழை, சாதாரண மூளைத் திசுவில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தது. வளர்ப்புத் தட்டில் இருந்த புற்றுசெல்களில் அந்த ஒரு இழையை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். செல்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டன. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தற்கொலைக்கான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பழுது மிஞ்சிப் போனால் செல் அதை இயக்கிக்கொண்டு மடியும். புற்றுசெல்லிலும் அந்த ஏற்பாடு கெடாமல் இருந்தது. 21-ஆம் இழை அதன் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கையை எடுத்ததும் அது ஓடத் தொடங்கிவிட்டது.

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது 10பி என்ற இழை. 21-ஆம் இழை ஆரோக்கியமான மூளையிலும் கொஞ்சம் உண்டு. 10பி அப்படி இல்லை. ஆரோக்கியமான மூளையில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை; கிளியோபிளாஸ்டோமாவில் நிறைய இருக்கிறது. எங்கிருந்து வந்தது? ஹாக்ஸ் மரபணுக்களின் கூட்டத்துக்குள் இருக்கிறது அதன் இடம். கருவில் உடம்பு உருவாகும்போது தலை எங்கே, மார்பு எங்கே, இடுப்பு எங்கே என்று தலையிலிருந்து கீழ்நோக்கி அடையாளம் வைப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். முன்மூளை உருவாகும் பகுதியில் அவற்றுக்கு வேலை இல்லை. அங்கே பிறவியிலிருந்தே அவை பூட்டியே கிடக்கின்றன. பூட்டிவைக்கும் புரதக் கூட்டணிக்குப் பாலிகோம்ப் என்று பெயர்.

அந்தப் பூட்டைத் திறப்பதிலும் ஓர் ஆர்.என்.ஏ.வுக்குப் பங்கு இருக்கிறது என்பதைக் கிரிச்செவ்ஸ்கியின் குழு அண்மை ஆண்டுகளில் வெளிக்கொண்டு வந்திருக்கிறது. ஹாக்ஸ்-டி மரபணுக் கூட்டத்திலிருந்து படியெடுக்கப்படும் நீண்ட இழை அது. புரதம் எதையும் அது செய்வதில்லை. சாதாரண மூளையில் மௌனமாக இருக்கும் இது, கட்டியில் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தன் இடத்தில் மட்டும் நிற்பதில்லை. மரபணுத் தொகுதியின் பல இடங்களுக்குப் போய் உட்கார்ந்து, அங்கே இருக்கும் பாலிகோம்ப் பூட்டைக் கழற்றுகிறது. அப்படித் திறக்கப்படுபவற்றில் ஒரு செல்லின் அடையாளத்தையே தீர்மானிக்கும் தலைமை மரபணுக்கள் இருக்கின்றன. நட்சத்திர செல் என்ற சாதாரண கிளியா செல், புற்றுசெல்லாக உருமாறும் வழி அங்கே திறக்கிறது.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கருவில் நம் முதுகையும் இடுப்பையும் கட்டியெழுப்ப உடம்பு வைத்திருந்த கட்டளைகளைத் தவறான இடத்தில், தவறான வயதில் மறுபடி ஒலிக்க விடுகிறது. இதனால்தான் அதை எதிர்ப்பது இத்தனை கடினம். அதே காரணத்தால்தான் 10பி நம்பிக்கையும் தருகிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மரபணுக் கத்தரியான கிரிஸ்பரைக் கொண்டு 10பி இருக்கும் இடத்தையே வெட்டினார்கள். கிளியோபிளாஸ்டோமா செல்கள் அது இல்லாமல் உயிர்வாழ முடியாமல் மடிந்தன. பக்கத்தில் இருந்த சாதாரண நரம்பு செல்களுக்கும் நட்சத்திர செல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை இழப்பதால் அவற்றுக்கு என்ன நட்டம்?

சரி, அருகம்புல்லின் கொடி எப்படி ஓடுகிறது? பெருகுவதும் நடப்பதும் ஒரே நேரத்தில் ஒரு செல்லால் நன்றாகச் செய்யக்கூடியவை அல்ல. இரண்டுக்கும் நிறைய ஆற்றல் வேண்டும். ஆகவே அது தேர்ந்தெடுக்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் யாக்குப் கோட்லெவ்ஸ்கியும் கூட்டாளிகளும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தேர்வின் கைப்பிடியைக் கண்டுபிடித்தது. 451 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. சுற்றிலும் சர்க்கரை தாராளமாக இருக்கும்போது செல்லில் 451 நிறைய இருக்கும். பட்டினிக் காலத்தில் செல்களை எச்சரிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற புரத வழியை அது அடக்கிவைக்கும். செல் நின்ற இடத்திலேயே பெருகும். கட்டி பெருத்து, உள்ளே ரத்த ஓட்டம் குறைந்து, சர்க்கரை வற்றும்போது 451 சரிந்துவிடுகிறது. அடக்கி வைத்த எச்சரிக்கை வழி விழிக்கிறது. செல் பெருகுவதை நிறுத்திவிட்டு, இருப்பதைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டு, வேறு இடம் தேடி நடக்கத் தொடங்குகிறது. நல்ல இடம் கிடைத்ததும் சர்க்கரை ஏறும், 451 ஏறும், மறுபடி பெருகும்.

22 எழுத்துள்ள ஓர் இழையின் ஏற்ற இறக்கம் இது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால்தான் மரபணுப் பட்டியலில் இது தெரியவில்லை. இங்கே ஒரு வேதனையான உண்மையும் இருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளும் கதிர்வீச்சும் பெருகும் செல்களைத்தான் தேடிக் கொல்கின்றன. நடந்துகொண்டிருக்கும் செல் அப்போது பெருகுவதில்லை. சிகிச்சையின் கண்ணில் அது படுவதும் இல்லை.

2014-இல் அனூப் பட்டேல், மாரியோ சுவா உள்ளிட்ட பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஐந்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 430 செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த நேரத்தில் எந்தெந்த ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன என்று படித்தார்கள். அதுவரை ஒவ்வொரு கட்டியையும் ஒரு வகை என்று முத்திரை குத்தும் வழக்கம் இருந்தது. ஒரே கட்டிக்குள்ளேயே பல வகைச் செல்கள் கலந்திருப்பதை அந்த 430 செல்கள் காட்டின. 2019-இல் வந்த பெரிய ஆய்வு, செல்கள் நான்கு விதமான நிலைகளுக்குள் உலவுவதையும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறக்கூடும் என்பதையும் எடுத்துச் சொன்னது. ஒரு வகையைக் கொன்றால், மிஞ்சியவை மாறி அந்த இடத்தை நிரப்பும். ஈ.ஜி.எஃப்.ஆர். மருந்துகள் ஏன் தோற்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

இவ்வளவும் ஒரு செல்லுக்குள் நடப்பவை. ஆர்.என்.ஏ. செல்லை விட்டு வெளியேயும் போகிறது என்பதை 2008-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் யோகான் ஸ்கோக், சாண்ட்ரா பிரேக்ஃபீல்ட் குழு காட்டிய விதம் அழகானது. கிளியோபிளாஸ்டோமா செல்கள் தங்கள் மேலுறையிலிருந்து மிக நுண்ணிய கொப்புளங்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வெறும் குப்பை என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அந்தப் புற்றுசெல்களுக்குள் கடல்வாழ் சிற்றுயிர் ஒன்றின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை வைத்தார்கள். பிறகு செல்கள் உதிர்த்த கொப்புளங்களை மட்டும் திரட்டி, மூளை ரத்தக் குழாயின் உள்சுவர் செல்கள் மேல் விட்டார்கள். அந்த மரபணு இல்லாத அந்தச் செல்களிலிருந்து ஒளி வந்தது. கொப்புளத்துக்குள் இருந்த தூது ஆர்.என்.ஏ. உள்ளே போய், அந்நியச் செல்லின் இயந்திரத்தைக் கொண்டே தன் புரதத்தைச் செய்துகொண்டது. கட்டி உதிர்க்கும் கொப்புளங்கள் பட்டதும் உள்சுவர் செல்கள் புதிய குழாய்களைக் கட்டத் தொடங்கின. தனக்கு வேண்டிய ரத்தத்தைக் கட்டி இப்படியும் வரவழைத்துக்கொள்கிறது.

கொப்புளங்களில் 21-ஆம் இழையும் பயணம் செய்கிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா அவற்றை விழுங்குவதை உயிருள்ள எலிகளின் மூளையிலேயே நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். விழுங்கிய காவலருக்குள் அந்த இழை போய் வேலை செய்கிறது. காவலரின் நடத்தை மாறுகிறது. சில கிளியோபிளாஸ்டோமா கட்டிகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி மனம் மாறிய காவல் செல்களும் ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்த அவற்றின் உறவுகளும்தான்.

அதே கொப்புளங்கள் ரத்தத்துக்குள்ளும் கசிகின்றன. ஸ்கோக் குழு 25 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, 7 பேரிடம் கட்டிக்கே உரிய சிதைந்த ஈ.ஜி.எஃப்.ஆர். தூது ஆர்.என்.ஏ. கிடைத்தது. மண்டையோட்டைத் திறக்காமல், கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் மூளைக் கட்டியின் செய்தி. அன்றாட மருத்துவத்துக்கு இது இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் திரும்பவும் திரும்பவும் மண்டையைத் திறந்து திசு எடுக்க முடியாத ஒரு நோயில், இந்த வழியில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் தகுதியான செலவு என்று நான் நினைக்கிறேன்.

இழை நோயாகும் என்றால் இழை மருந்தாகவும் ஆக வேண்டும். கெட்ட இழையின் எழுத்துகளுக்கு எதிரெழுத்துகளைக் கோத்து ஒரு மாற்றிழை செய்தால், இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கெட்டது முடங்கும். எழுத்து வரிசை தெரிந்தால் மருந்தை வடிவமைக்க ஒரு நாள் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் விட்ட வெற்று ஆர்.என்.ஏ. நிமிடங்களில் சிதைந்துவிடும். தப்பினாலும் பெரும்பகுதி கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். அதற்கும் மேல், மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டி நிற்பதால் பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழைய முடியாது. ஆபத்துகளும் உண்டு. கல்லீரல் முதலிய இடங்களில் வந்த புற்றுநோய்களுக்கு 34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகக் கொடுத்துப் பார்த்த மனிதச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு எதிர்வினைகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது.

நுழைய முடியாத சுவரைத் தாண்டிக் காட்டியது சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். 13 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளை நடுவில் வைத்து, அதைச் சுற்றிலும் சிறு ஆர்.என்.ஏ. இழைகளை அடர்த்தியாக நட்டார்கள். கட்டி செல்களைச் சாகவிடாமல் காக்கும் ஒரு புரதத்தை அடக்கும் இழைகள் அவை. கட்டி திரும்பி வந்த 8 நோயாளிகளுக்கு இதைக் கை நரம்பு வழியாக ஏற்றி, பிறகு திட்டமிட்டபடி அறுவை செய்து கட்டியை எடுத்து ஆராய்ந்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. கட்டி செல்களுக்குள் தங்கம் இருந்தது. குறிவைத்த புரதமும் குறைந்திருந்தது. அந்த 8 பேரையும் குணப்படுத்துவது அந்தச் சோதனையின் நோக்கமாக இருக்கவில்லை. தங்களுக்குப் பலன் தராத ஓர் ஊசியை, பின்னால் வரப்போகிறவர்களுக்காக அவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் எலியாஸ் சாயூர் குழு வேறொரு திசையில் போனது. மூளைச் சுவரைத் தாண்ட வேண்டும் என்ற கவலையை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். மருந்து உள்ளே போக வேண்டாம். உடம்பின் நோயெதிர்ப்புப் படை போகட்டும். நோயாளியின் கட்டியிலிருந்தே ஆர்.என்.ஏ.வை எடுத்து, பெருக்கி, கொழுப்புப் படலங்கள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக அமைந்த துகளில் வைத்து ரத்தத்தில் செலுத்தினார்கள். முதலில் எலிகளுக்கு, பிறகு மூளைக் கட்டி வந்த 10 வளர்ப்பு நாய்களுக்கு, வளர்ப்பவர்களின் சம்மதத்தோடு. நாய்களுக்கும் மூளையில் கிளியோமா என்ற இவ்வகைக் கட்டி தானாகவே வரும், மனிதருக்கு வருவதைப் போலவே ஓடும். வழக்கமாக ஒன்று இரண்டு மாதங்களில் முடிந்துவிடும் அந்த நாய்களின் இடைநிலை ஆயுள் 139 நாளாயிற்று. அதன்பின் 4 மனித நோயாளிகள். இரண்டே நாளுக்குள், நோயெதிர்ப்புச் செல்கள் எட்டிப் பார்க்காத கட்டிகள் அவற்றால் நிறைந்தன. 2024-இல் இது வெளியானது. நான்கு பேரை வைத்து ஆயுளைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது, ஆகவே பெரிய சோதனைகளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆனாலும் இந்த முறையில் எனக்கு ஒரு காரணத்தால் நம்பிக்கை உண்டு. ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்த மருந்துகள் தோற்றது, செல்கள் நிலை மாறித் தப்பியதால். கட்டியிலிருந்து எடுத்த மொத்த ஆர்.என்.ஏ.வில், அந்த நேரத்தில் அங்கே எல்லா நிலைகளிலும் இருந்த செல்களின் செய்திகளும் கலந்தே இருக்கின்றன. நின்று பெருகும் செல்லின் செய்தியும் அதில் இருக்கிறது, நடக்கப் புறப்பட்ட செல்லின் செய்தியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஊசியில் நோயெதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்ட முடியுமானால், டேண்டியின் கத்தி எட்டாத இடத்தில் போய் ஒளிந்த செல்லையும் அந்தப் படை தேடிப் போகும். அப்படித் தேடிப் போன படைச் செல்கள் கட்டியின் ஓரத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போகின்றன, போன இடத்தில் எவ்வளவு காலம் நிற்கின்றன என்பதைத்தான் அடுத்த சோதனைகள் அளந்து சொல்ல வேண்டும்.